கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன் அந்தக் கம்பியைப் பாருங்கள்

கேள்வி: அண்ணே, வணக்கம். காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்கிறேன். வீடு எர்ணாவூர். என் மாமா ஓட்டிக்கொண்டிருந்த 2006 மாடல் பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் டீசல் வண்டி போன வருஷம் என் கைக்கு வந்தது. லீவு நாளில் பழவேற்காடு பக்கம் மணலில் இறக்குவதற்கென்றே வைத்திருக்கிறேன். ஒரு மாதமாகக் கிளட்ச் தொல்லை. காலையில் எடுத்தால் கியர் நன்றாக விழுகிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையில் அரை மணி நேரம் மாட்டிவிட்டால் போச்சு, முதல் கியர் முரண்டு பிடிக்கிறது, ரிவர்ஸ் போட்டால் கர்ரென்று கத்துகிறது. பெடலை மூன்று நாலு முறை மிதித்தால் விழுந்துவிடுகிறது. கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை, கிளட்ச் ஆயில் டப்பாவில் ஆயிலும் குறையவில்லை. ஒரு மெக்கானிக் ஸ்லேவ் சிலிண்டருக்கு ரப்பர் கிட் போட்டு, ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, அதாவது ஏர் எடுத்துக் கொடுத்தார். பத்து நாள் சரியாக இருந்தது, மறுபடி அதே கதை. இன்னொருவர், "கிளட்ச் செட்டே போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும், நாற்பதாயிரம் ஆகும்" என்கிறார். யார் சொல்வதை நம்புவது?

பதில்: தம்பி, அந்த நாற்பதாயிரத்தை இப்போதைக்கு ஐஸ் கணக்கிலேயே வைத்திருங்கள். உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. "மூன்று நாலு முறை மிதித்தால் விழுந்துவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான்.

கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தாலும் சரி, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள் தேய்ந்திருந்தாலும் சரி, நீங்கள் பெடலை ஒரு தடவை மிதிப்பதும் நாலு தடவை மிதிப்பதும் அவற்றுக்கு ஒன்றுதான். இரும்புக்கு ஞாபகம் கிடையாது. மிதிக்க மிதிக்க வேலை செய்கிறது என்றால் கோளாறு பெரும்பாலும் ஆயில் ஓடும் பாதையில்தான், அதாவது பெடலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில். அதைச் சரிபார்க்க கியர்பாக்ஸில் ஒரு போல்ட்டைக்கூடத் தொட வேண்டியதில்லை.

"கிளட்ச் போச்சு" என்ற ஒரே வார்த்தையை நம் ஆட்கள் இரண்டு எதிரெதிர் நோய்களுக்கும் சொல்கிறார்கள். குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒன்று, கிளட்ச் பிடிக்காமல் வழுக்குவது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் என்ஜின் மட்டும் கத்தும், வண்டி இழுக்காது, கருகிய வாசனை வரும். அது பிளேட் தேய்ந்த அடையாளம். இன்னொன்று, கிளட்ச் விடாமல் ஒட்டிக்கொண்டிருப்பது. பெடலை மிதித்தும் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே உறவு முறியாது. அதனால்தான் ரிவர்ஸ் கர்ரென்று கத்துகிறது. ரிவர்ஸ் முதலில் காட்டிக்கொடுப்பதற்குக் காரணம், பெரும்பாலான பழைய கியர்பாக்ஸ்களில் அதற்கு சிங்க்ரோ வளையம், அதாவது இரண்டு பல்லின் வேகத்தையும் முதலில் சமமாக்கும் வளையம், கிடையாது. சுற்றுகிற பல்லின் மேல் நிற்கிற பல் நேராகப் போய் மோதும். உங்களுக்கு இருப்பது இந்த இரண்டாவது வகை. வழுக்கல் இல்லை, கருகல் வாசனை இல்லை. பிறகு எதற்குப் பிளேட் மாற்ற வேண்டும்?

இது எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு சிரிஞ்சை வைத்துப் புரிந்துகொள்ளலாம். ஆஸ்பத்திரி சிரிஞ்ச் இரண்டில் தண்ணீர் நிரப்பி, ஒரு டியூபால் இணைத்து, ஒன்றை அழுத்தினால் இன்னொன்றின் தண்டு வெளியே வரும். நீங்கள் அழுத்தும் சிரிஞ்ச்தான் மாஸ்டர் சிலிண்டர். அது பெடலுக்கு நேர் எதிரே, ஓட்டுநர் கால் வைக்கும் இடத்துக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கிற தகட்டுச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு சிரிஞ்ச் ஸ்லேவ் சிலிண்டர், கியர்பாக்ஸின் முன்பக்கக் கூட்டில் வெளியே போல்ட் போட்டு மாட்டியிருக்கும். ஸ்லேவிலிருந்து வெளியே வரும் ஒரு கம்பி ஃபோர்க்கைத் தள்ளும், ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும், பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்தும், பிளேட் விடுபடும். புது வண்டிகள் பலவற்றில் ஸ்லேவும் பேரிங்கும் சேர்ந்தாற்போல் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றில் ஸ்லேவ் கெட்டால் வேறு வழியில்லை, இறக்கித்தான் ஆக வேண்டும். பழைய வண்டி வைத்திருப்பதில் ஒரு புண்ணியம் என்னவென்றால், எல்லாம் வெளியே தெரிகிறது.

அந்தக் கம்பிதான் சாட்சி. அதைக் கேட்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

நான் இதை அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தண்டையார்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கையாளாக இருந்த காலம். இதே மாதிரி ஒரு பழைய ஜீப் வந்தது. முதலாளி ஊரில் இல்லை. நானும் இன்னொரு பையனும் சேர்ந்து வீரம் காட்டினோம். நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸோடு சேர்த்துக் கியர்பாக்ஸை இறக்க ஒன்றரை நாள் ஆனது. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் அந்த எடை மார்பின் மேல் இறங்கி வரும்போது தெரியும், சம்பளம் எவ்வளவு குறைவு என்று. பிளேட்டைக் கழற்றிப் பார்த்தால் பாதிகூடத் தேயவில்லை. புதிது மாதிரி மின்னுகிறது. திரும்ப ஏற்றினோம், அதே கோளாறு. முதலாளி வந்தார், எதுவும் பேசவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு அடி ஸ்கேலோடு படுத்து, என்னைப் பெடலை மிதிக்கச் சொன்னார். இரண்டு நிமிஷம்தான். எழுந்து வந்து, "மாஸ்டர்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அந்த மூன்று நாள் கூலி யாரிடமும் வாங்க முடியவில்லை.

அந்த ஸ்கேல் வேலையைத்தான் நீங்கள் செய்யப் போகிறீர்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள், என்ஜினை அணையுங்கள், ஹேண்ட் பிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். உங்கள் வண்டி உயரமானது, ஜாக்கி இல்லாமலே அடியில் நுழையலாம். ஜாக்கி போட்டுத் தூக்கியே தீர வேண்டுமென்றால் ஸ்டாண்டு வைக்காமல் தலையை விடாதீர்கள். வண்டி சூடாக இருக்கும், சைலன்சர் குழாயில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, "மிதி" என்றால் மெதுவாகத் தரை வரை மிதித்து அப்படியே பிடித்திருக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்லேவிலிருந்து வரும் கம்பியின் பக்கத்தில் ஸ்கேலைப் பிடியுங்கள். கம்பி எவ்வளவு நகர்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும், ஆனாலும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் திடமாக நகர்ந்தால்தான் மனசு நிம்மதியாகும். அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது முக்கியமான பகுதி: காலை எடுக்காமல் ஒரு நிமிஷம் பிடித்திருக்கட்டும். கம்பியையே பாருங்கள்.

போன இடத்திலேயே கம்பி சிலைபோல் நின்றால் ஆயில் பாதை சுத்தம். பெடல் கீழேயே இருக்கும்போது கம்பி மட்டும் மெல்ல மெல்லப் பின்வாங்கினால், அழுத்தம் எங்கோ நழுவுகிறது. முதல் மிதியில் குறைவாக நகர்ந்து, படபடவென்று நாலு முறை மிதித்தபின் அதிகம் நகர்ந்தால் உள்ளே காற்று இருக்கலாம், அல்லது மாஸ்டர் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம். இந்த இரண்டையும் காலாலேயே பிரித்துவிடலாம். காற்று இருந்தால் பெடல் ஆரம்பம் முதலே பஞ்சு மாதிரி இருக்கும். மாஸ்டர் கெட்டிருந்தால் முதலில் கெட்டியாக நிற்கும், பிறகு காலின் கீழே மணல் சரிவதுபோல மெதுவாகத் தரையைத் தொடும். இன்னொரு அடையாளமும் உண்டு: வேகமாக உதைத்தால் நன்றாக வேலை செய்யும், மெதுவாக அழுத்தினால் ஏமாற்றும். மாஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்பின் உதடு வேகமான அழுத்தத்தில் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மெதுவாக அழுத்தும்போது தேய்ந்த உதட்டின் ஓரமாக ஆயில் பின்பக்கம் வழிந்துவிடும்.

ஆக, உங்கள் வண்டியில் சொட்டு ஒழுகாததற்கும் ஆயில் குறையாததற்கும் காரணம் புரிகிறதா? ஆயில் வண்டியை விட்டு வெளியே போகவில்லை. கப்பைத் தாண்டிப் பின்னால் வந்து, மறுபடி டப்பாவுக்கே திரும்புகிறது. ஒழுகல் உண்டு, ஆனால் வீட்டுக்குள்ளேயே. நான் நேரில் பார்க்காமல் பந்தயம் கட்டுவதில்லை, கட்டச் சொன்னால் மாஸ்டர் மேல்தான் கட்டுவேன்.

டிராஃபிக்கில் மட்டும் ஏன்? காலையில் எடுத்துப் போகும்போது கிளட்சை ஒரு நொடி மிதித்து விடுகிறீர்கள். நழுவ நேரமே இல்லை. கன்டெய்னர் வரிசையில் என்ன செய்கிறோம்? முன்னால் லாரி இரண்டடி நகரும், நாமும் நகர்வோம், மறுபடி நிற்போம், முதல் கியரிலேயே கிளட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். அதுதான் அந்தத் தேய்ந்த கப்புக்கு நீங்கள் வைக்கும் பரீட்சை. கூடவே நிற்கிற வண்டியில் காற்றோட்டம் இல்லாமல் என்ஜின் அறை சூடாகும், ஆயில் நீர்த்துப்போகும், நீர்த்த ஆயில் சந்து பார்த்து இன்னும் சுலபமாக நழுவும்.

சரி, அப்படியென்றால் கிட் போட்டு ஏர் எடுத்தபின் பத்து நாள் எப்படி நன்றாக இருந்தது? முதல் மெக்கானிக் செய்தது ஏமாற்று வேலை இல்லை. ஸ்லேவிலும் சின்னக் கோளாறு இருந்திருக்கலாம், காற்றும் இருந்திருக்கலாம், அது தீர்ந்தது. ஆனால் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை முப்பது நாற்பது முறை மிதிப்பார்கள். பழைய மாஸ்டரில் பிஸ்டன் இத்தனை வருஷமாக ஓடிய பகுதி மட்டும் வழவழப்பாக இருக்கும். அதைத் தாண்டிய கடைசிப் பகுதியில் துருவும் படிவும் தேங்கியிருக்கும். அதிகம் போகாத அந்த இடத்துக்குக் கப்பைத் திரும்பத் திரும்பத் தள்ளினால் உதடு கிழியலாம். ஸ்லேவைச் சரிசெய்த கொஞ்ச நாளில் மாஸ்டர் படுத்துக்கொள்வதைப் பழைய வண்டிகளில் நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால்தான் இத்தனை வயசான வண்டியில் ஒன்றைத் தொட்டால் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

வெளியே ஒழுகல் இல்லை என்று நீங்கள் தரையை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓட்டுநர் பக்கத்து மிதியடியைத் தூக்குங்கள். பெடலின் மேல்முனையிலிருந்து மாஸ்டருக்குள் போகும் கம்பியைப் பிடித்துத் தடவி, அதன் அடியில் இருக்கும் சுவரையும் விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் கொப்புளித்து உரிந்திருந்தாலோ, மாஸ்டரின் பின்பக்க சீலும் போய்விட்டது என்று அர்த்தம். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். தரைவிரிப்பு முழுக்கக் குடித்துக்கொண்டதால் கீழே சொட்டாமல் இருந்த வண்டிகள் உண்டு. ஸ்லேவிலும் கம்பி வெளியே வரும் வாயை மூடியிருக்கும் தூசி ரப்பரின் நுனியைக் கொஞ்சம் பிதுக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் புதுசாகப் போட்ட கிட்டும் போயாச்சு.

கம்பி சோதனை செய்ய ஆள் கிடைக்கவில்லை என்றால் தனியாகவும் ஒன்று பார்க்கலாம். முன்னால் யாரும் இல்லாத, காலியான சமதளத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, கிளட்சைத் தரை வரை மிதித்து முதல் கியரைப் போடுங்கள். இன்னொரு கால் பிரேக் மேல் தயாராக இருக்கட்டும். கிளட்ச் காலை அசைக்காமல் ஒரு நிமிஷம் உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் வண்டி மூக்கை நீட்டி முன்னால் இழுக்க ஆரம்பித்தால் அழுத்தம் நழுவுவது நிச்சயம். உடனே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

மற்ற சந்தேக ஆசாமிகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம். இரும்புக் குழாயும் ஸ்லேவும் சேரும் இடத்தில் ஒரு ரப்பர் ஹோஸ் இருக்கும். பெடலை மிதிக்கும்போது அதைக் கையால் பிடித்துப் பாருங்கள். பாம்பு இரை விழுங்கியதுபோல் உப்பினால் மாற்ற வேண்டும். பெடலையும் மாஸ்டர் கம்பியையும் இணைக்கும் பின் தேய்ந்து, ஓட்டை முட்டை வடிவம் ஆகியிருந்தால் மிதியில் பாதி வீணாகும். ஆனால் அது சூடு குளிர் பார்க்காது, எப்போதும் ஒரே மாதிரி தொல்லை கொடுக்கும். உங்கள் கதைக்குப் பொருந்தவில்லை.

ஆயிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், நம் பக்கத்து ஆட்கள் அதிகம் தப்பு செய்வது இங்கேதான். கிளட்சுக்கு ஊற்றுவது பிரேக் ஆயிலேதான், டாட் 3 அல்லது டாட் 4, மூடியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். இது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. உங்கள் வீடு கடலுக்கு எத்தனை தெரு தள்ளி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4-க்கு 230, ஈரம் ஏறினால் 155. கிளட்ச் ஆயில் கொதிப்பது அபூர்வம்தான். அதைவிடப் பெரிய கேடு, அந்த ஈரம் சிலிண்டரின் உள்சுவரை அரித்துக் குழி விழச் செய்வது. குழி விழுந்த சுவரில் எந்தக் கப்பும் நிலைக்காது. டப்பாவில் ஆயில் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்திருந்தால் அது எத்தனை வருஷமாக மாற்றப்படாமல் கிடந்தது என்று மாமாவைக் கேளுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது என் வழக்கம். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சம் இருப்பதை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

அவசரத்துக்கு வேறு எந்த ஆயிலையும் ஊற்றக் கூடாது. ஒருமுறை ஒருவர் ஆயில் குறைந்ததென்று பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிக்கொண்டு வந்தார், சிவப்பாக இருந்தது, நன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தாராம். டப்பா மூடிக்கு உள்ளே இருக்கும் ரப்பர் ஊறி வடை மாதிரி உப்பியிருந்தது. மூடியே அப்படி என்றால் உள்ளே கப் என்ன கதியில் இருக்கும்? பிரேக் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் பெட்ரோலியம் எண்ணெய் பட்டால் வீங்கிவிடும். அவர் வண்டியில் மாஸ்டர், ஸ்லேவ், ஹோஸ் மூன்றையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. நீங்களும் அந்த மூடியை ஒருமுறை கழற்றிப் பாருங்கள், முந்தைய கைகள் என்ன ஊற்றின என்பதை அது சொல்லிவிடும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது இந்த வண்டி எங்கே நின்றது? அப்போது எண்ணூர் முகத்துவாரம் வரை எண்ணெய் படர்ந்ததையும், எர்ணாவூர் பக்கத்து வீட்டுச் சுவர்களில்கூடக் கறை ஏறியதையும் நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் சிலவற்றை நான் பிறகு பார்த்தேன். அடியில் இருந்த தூசி ரப்பர்கள் எல்லாம் தளர்ந்து, இழுத்தால் கையோடு வந்தன. தூசி ரப்பர் போனால் மணலும் உப்பும் நேராக ஸ்லேவுக்குள் போகும். உங்கள் வண்டியும் அதில் நின்றிருந்தால் பிரேக் பக்க ரப்பர்களையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது. கிளட்ச் போனால் வண்டி நின்றுவிடும், பிரேக் போனால் நிற்காது.

இப்போது வைத்தியம். மாஸ்டருக்கு வெறும் ரப்பர் கிட் போதுமா, முழுசாக மாற்ற வேண்டுமா என்பதைக் கழற்றிய பிறகு சிலிண்டரின் உள்சுவர்தான் சொல்ல வேண்டும். சுத்தமாகத் துடைத்துவிட்டு, டார்ச் அடித்து, நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் எங்கேயும் இடறவில்லை என்றால் கிட் போடலாம். கழுவுவதற்குப் பெட்ரோலோ டீசலோ மண்ணெண்ணெயோ வேண்டாம், புதுப் பிரேக் ஆயிலிலேயே கழுவச் சொல்லுங்கள். நகம் ஒரு குழியில் மாட்டினாலும் கிட் போடுவது வீண், முழு மாஸ்டரையே மாற்றிவிடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பஜேரோவுக்குப் பாகம் கிடைக்காது என்று பலர் பயமுறுத்துவார்கள். இந்த வண்டி எங்கோ ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தது இல்லை, நம் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டி வெளியே வந்தது. 2002 முதல் சுமார் பத்து வருஷம் விற்றிருக்கிறார்கள். ஓடுகிற வண்டிகள் சென்னையைச் சுற்றி இன்னும் நிறைய இருப்பதால் இந்த மாதிரிப் பாகங்களுக்குக் கொஞ்சம் அலைந்தால் வழி பிறக்கும். புதுப்பேட்டையில் கழற்றிய மாஸ்டர் மலிவாகக் கிடைக்கும், ஆனால் வாங்காதீர்கள். கதவுக் கைப்பிடி, விளக்கு, கண்ணாடி எல்லாம் பழையது வாங்கலாம். ரப்பர் சம்பந்தப்பட்ட எதையும் பழையதில் வாங்கினால் உங்கள் நோயை விற்றுவிட்டு இன்னொருவர் நோயை வாங்கியதாக ஆகும். புதிது கிடைக்கவே இல்லை என்றால், நல்ல லேத் பட்டறையில் பழைய சிலிண்டரைக் குடைந்து உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழல் ஏற்றித் தருவார்கள். சரியான அளவில் செய்தால் அது அசலைவிட அதிக நாள் உழைக்கும், உப்புக்காற்று ஒன்றும் செய்யாது. பழைய வண்டிகளுக்கு நான் விரும்பிச் செய்கிற வேலை அது.

ஏர் எடுப்பதில் பொறுமைதான் வேலை. ஸ்லேவில் காற்றை வெளியேற்றும் நிப்பிளில், உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கிவிட வேண்டும். பெடலை மிதிக்க, நிப்பிளைத் திறக்க, மூட, அதன் பிறகே பெடலை விட வேண்டும். மூடுவதற்குள் பெடலை விட்டால் காற்று திரும்ப உள்ளே ஏறும். டப்பா ஒரு தடவை காலியானாலும் ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டியதுதான். குழாய் மேலே ஏறி வளைந்து இறங்கும் இடத்திலும், லைனின் நடுவே குட்டி டப்பா மாதிரி, அதிர்வைத் தணிக்கும் டாம்பர் இருந்தால் அதிலும், ஒரு குமிழி பிடிவாதமாகத் தங்கிவிடும். எத்தனை மிதித்தாலும் வராது. அப்போது நான் கீழிருந்து ஏற்றுவேன்: பெரிய சிரிஞ்சில் புது ஆயிலை எடுத்து ஸ்லேவ் நிப்பிள் வழியாக மெல்லத் தள்ளினால், மேலே போக வேண்டிய காற்று தன் இஷ்டப்படி மேலேயே போய் டப்பாவில் குமிழி விடும். தள்ளும்போது டப்பா நிரம்பி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும். வழிந்தால் பெயிண்ட் போகும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஸ்லேவைக் கழற்றித் தொங்கவிட்டிருக்கும்போது மட்டும் பெடலில் யாரும் கால் வைக்கக் கூடாது, பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வந்துவிடும்.

வேலை முடிந்தபின் பெடலை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் தளர்வாக ஆடிவிட்டுப் பிறகுதான் கெட்டியாக வேண்டும். சிலர் பெடல் இன்னும் மேலே பிடிக்கட்டும் என்று மாஸ்டர் கம்பியின் நட்டைத் திருகி அந்த ஆட்டத்தை முழுக்கத் தின்றுவிடுவார்கள். ரொம்ப நன்றாக இருப்பது போலத் தெரியும். ஆனால் பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்தால்தான் டப்பாவுக்குப் போகும் குட்டித் துளை திறக்கும். அது திறக்காவிட்டால் சூட்டில் பெருகும் ஆயில் போக இடமில்லாமல் கிளட்சை லேசாக அழுத்தியே வைத்திருக்கும். ஒட்டுகிற நோய்க்கு வைத்தியம் செய்யப்போய் வழுக்குகிற நோயை வரவழைத்த கதையாகிவிடும். பிறகு அந்த நாற்பதாயிரம் உண்மையிலேயே செலவாகும்.

ஒருவேளை கம்பி முழுசாக நகர்ந்து, சிலையாக நின்று, அப்போதும் ரிவர்ஸ் கத்தினால்? இரண்டாவது மெக்கானிக் சொன்னதுதான் சரி. இறக்குங்கள். இறக்குவது என்று ஆனபின் கஞ்சத்தனம் பார்க்காமல் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங், என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடச் சொல்லுங்கள். கழற்றிய பழையதை உங்கள் கண்ணில் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அதுவரைக்கும் மணலுக்கு இறக்காதீர்கள். சாலையில் திடீரென்று முழுக்கப் போய்விட்டால், பதறாமல் என்ஜினை அணைத்து, முதல் கியரைப் போட்டு, முன்னால் இடம் இருக்கும்போது ஸ்டார்ட்டரை அடித்தால் வண்டி குதித்துக் கிளம்பி ஓடும். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற சுவிட்ச் இருக்கிற வண்டியிலும் இது நடக்கும், பெடலை மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டியதுதான், கிளட்ச்தான் செத்துக்கிடக்கிறதே. ஓரமாக ஒதுங்குவதற்கும், ராத்திரியில் காலிச் சாலையில் வீடு போய்ச் சேர்வதற்கும் அது போதும். லாரி வரிசைக்குள் அந்த விளையாட்டு வேண்டாம், ஆள் அனுப்பிக் கயிறு கட்டுங்கள். இப்போதே ஒரு பழக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம்: வரிசை நின்றுவிட்டால் நியூட்ரல் போட்டுக் காலை எடுத்துவிடுங்கள். ரிலீஸ் பேரிங்குக்கும் நல்லது, முட்டிக்கும் நல்லது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். கம்பி சோதனையை ஞாயிறு காலை குளித்துவிட்டு, குளிர்ந்த வண்டியில் செய்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது அண்ணே" என்று எழுதாதீர்கள். எண்ணூர் சாலையில் மாட்டிக்கொண்டு, ரிவர்ஸ் கத்துகிற அன்றைக்கு, வீட்டுக்கு வந்த சூட்டோடு செய்யுங்கள். முதல் மிதியில் எத்தனை மில்லிமீட்டர், ஒரு நிமிஷம் கழித்து எத்தனை மில்லிமீட்டர் என்று இரண்டு எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள், மீதியை நான் சொல்கிறேன்.